பள்ளிப் பிள்ளைகளின் பசுமைத் திட்டம்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

செங்காங் அம்மா:

மகள் தொடக்கநிலை 4. கேண்டீனில் மிச்சச் சாப்பாட்டை எடைபோடும் திட்டம் தெரியும்தானே, இப்போது சிங்கப்பூரில் பல பள்ளிகளில் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. தட்டு வைக்கும் இடத்தில் ஒரு வாளி, அதற்கடியில் தராசு, பக்கத்தில் பலகை. பிள்ளைகளே எடைபோட்டு எழுதுவார்கள். கூட நிற்கத் தொண்டூழியர்கள் வேண்டும் என்றார்கள், போனேன்.

வாளியில் பாதிக்கு மேல் வெறும் சோறு. அதை முதலில் கவனித்ததும் பிள்ளைகள்தான். "சாப்பிடாத சோற்றை எதற்கு இவ்வளவு வைக்கிறார்கள்?" என்று பேசிக்கொண்டே மூன்று பேர் நேராகச் சோற்றுக்கடை ஆன்ட்டியிடம் போய்விட்டார்கள். ஆசிரியர் சொல்லவில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. "ஆன்ட்டி, கொஞ்சமா வேணுமா நிறைய வேணுமான்னு கேட்டுட்டு வைக்க முடியுமா?"

ஆன்ட்டி கையிலிருந்த கரண்டியை அப்படியே என் பக்கம் நீட்டினார். "நான் குறைத்தால் அம்மாக்கள் ஆபீசுக்கு போன் போடுவார்கள். அதோ ஒரு அம்மா நிற்கிறார், அவரிடம் கேளுங்கள்."

மூன்று தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதே கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதியவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். அதை ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? மணி அடித்தது, ஓடிவிட்டார்கள்.

கடைசியில் அந்தத் திட்டத்தில் என்ன மிஞ்சியது தெரியுமா? 'உணவை வீணாக்காதீர்' என்று நான்கு மொழியில் ஒரு சுவரொட்டி. ஆன்ட்டியிடம் கேட்ட கேள்வி அறிக்கையில் ஒரு வரிகூட வரவில்லை.

வெண்கட்டி:

ஆசிரியர். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

பள்ளிகளுக்கான பசுமை விருது 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2021இல் கல்வி அமைச்சின் எக்கோ ஸ்டூவர்ட்ஷிப் திட்டமும் வந்தது, சுற்றுச்சூழல் பொறுப்பைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதற்கு. அதன் பிறகு 'மாணவர் தலைமையில்' என்ற சொல் இல்லாமல் எந்தத் திட்டத்தையும் மேலே அனுப்ப முடிவதில்லை. சரி, நல்லதுதான். நான் சொல்லவந்தது வேறு.

எங்கள் உரத்தொட்டியைப் பார்க்க விருந்தினர்கள் வந்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் தொடக்கநிலை 5 பையன் ஒருவன், கையில் சிறு அட்டை. அட்டையில் இருந்ததைப் பிசகாமல் சொன்னான். கேட்டு முடித்த ஒரு அம்மையார் குனிந்து, "ரொம்ப நல்லா இருக்கே, இது யாருடைய யோசனை?" என்று கேட்டார். அட்டையில் அதற்குப் பதில் இல்லை. திருப்பிப் பார்த்தான், பின்பக்கமும் இல்லை. அப்புறம் தெளிவாகச் சொன்னான்: "என்னுடைய யோசனைன்னு சொல்லச் சொன்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், அந்தத் தொட்டியைக் காப்பாற்றியவனே அவன்தான். தர்பூசணித் தோலும் பப்பாளித் தோலுமாகக் கொட்டிக் கொட்டித் தொட்டி சேறாகி நாறியபோது, காய்ந்த இலை இல்லை, அதனால்தான் காற்று உள்ளே போகவில்லை என்று கண்டுபிடித்து, திடலில் உதிர்ந்த இலைகளைப் பையில் வாரிக்கொண்டு வந்து போட்டான். இரண்டு வாரத்தில் நாற்றம் போனது. அட்டையை எழுதிய சக ஆசிரியருக்கு அந்தக் கதை தெரியாது. யாரும் பையனிடம் கேட்கவில்லை.

நீலப்பெட்டி தாத்தா:

@வெண்கட்டி, மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் என்ன தவறு? நாங்கள் எல்லாம் பேச்சுப் போட்டிக்கு அப்பா எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினோம். மேடையில் நின்று பழகினால்தானே நாளைக்குச் சொந்தமாகப் பேச வரும். எல்லாவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம்.

என் அனுபவம் சிறியது. பேரன் பள்ளியில் மறுசுழற்சிக் குழுத் தலைவன். நான் பீட்சா அட்டைப்பெட்டியை மறுசுழற்சிக்கான நீலத்தொட்டியில் போடப்போனபோது மின்தூக்கி வாசலில் எல்லார் முன்னாலும் "தாத்தா, எண்ணெய்!" என்று கத்தினான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கையிலும் அதே போல ஒரு பெட்டி. அவரும் நானும் ஒன்றாகத் திரும்பி நடந்தோம்.

இந்த இழையில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் சொல்கிறேன். நீலத்தொட்டியில் காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி நான்கையும் ஒன்றாகவே போடலாம், தனித்தனியாகப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் எண்ணெய் பட்ட அட்டை, டிஷ்யூ, ஸ்டைரோஃபோம் டப்பா, பழைய துணி, பீங்கான், இவை எதுவும் கூடாது. பால் பெட்டியை ஒருமுறை அலசினால் போதும், சோப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை, அதற்கு வீணாகும் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது? பழைய கைப்பேசி, சார்ஜர், பேட்டரிக்கு வேறு தொட்டி இருக்கிறது, கடைத்தொகுதிகளில் பார்க்கலாம். நீலத்தொட்டிக்கு வருவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. ஒருவர் மீந்த மீ கோரெங்கை ஊற்றினால் அடுத்த பத்து வீட்டுக் காகிதமும் போச்சு. 2022இல் வீட்டுக் கழிவில் 12 விழுக்காடுதான் மறுசுழற்சி ஆனது. அந்தக் காலத்தில் காராங் குனிக்காரர் மாடி மாடியாக வந்து ஹார்ன் அடிப்பார், செய்தித்தாளைக் கட்டிக் கொடுத்தால் காசும் கொடுப்பார். இப்போது பக்கத்திலேயே குப்பை போடும் துவாரம், தூக்கிப் போட்டால் முடிந்தது. பள்ளிகள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மருமகள் எழுதுகிறேன்:

@செங்காங் அம்மா, என் மாமியார் பல வருடம் பள்ளிக் கேண்டீனில் கடை வைத்திருந்தவர். உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "அந்த ஆன்ட்டி சொன்னது சரிதான்" என்றார்.

சோற்றைக் குறைப்பது கடைக்காரர் இஷ்டம் இல்லையாம். ஒரு தட்டு என்றால் சோறு, இறைச்சி அல்லது மீன், காய், பழம் நான்கும் இருக்க வேண்டும். சோற்றில் பழுப்பரிசி கலந்திருக்க வேண்டும். பிள்ளைகள் மிச்சம் வைப்பது பெரும்பாலும் அந்தப் பழுப்பரிசியால்தான் என்பது மாமியாரின் தீர்ப்பு. ஆய்வெல்லாம் இல்லை, தட்டு கழுவிய அனுபவம்.

அவர் மறக்காமல் சொல்வது இன்னொன்று. அவர் பள்ளியிலும் வாளி வைத்தார்கள், கையில் பட்டை கட்டிய பிள்ளைகள் பக்கத்தில் நின்று தட்டைப் பார்ப்பார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கான உதவித் திட்டத்தில் சாப்பிடும் ஒரு பையன். தினமும் முழுத்தட்டு வாங்குபவன், வாளி வந்த பிறகு "கம்மியா, கம்மியா" என்று கேட்க ஆரம்பித்தான். மிச்சம் வைத்து மாட்டிக்கொள்ளக் கூடாதாம். வகுப்புக்குத் திரும்பும்போது தண்ணீர்க் குழாயில் வாய் வைத்துக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போவான். மாமியார் அவனுக்கு மட்டும் சோற்றை அழுத்தி வைப்பார், மேலே பார்த்தால் கொஞ்சம்தான் என்று தெரியும்.

எடை குறைந்தது என்று சபைக்கூட்டத்தில் கைதட்டினார்களாம். அதில் அந்தப் பையனுடைய பசியும் சேர்த்தி.

செங்காங் அம்மா:

@மருமகள் எழுதுகிறேன், நான் ஆன்ட்டியைக் குறை சொல்லவே இல்லையே. பிள்ளைகள் சரியான ஆளிடம் சரியான கேள்வி கேட்டார்கள், பெரியவர்கள் அதைச் சுவரொட்டியாக்கி மூடிவிட்டோம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பையனைப் பற்றி நான் யோசித்ததில்லை. எங்கள் வாளிப் பக்கத்திலும் பட்டை கட்டிய பிள்ளைகள் நின்றார்கள்.

துளசிமாடம்:

சாப்பாட்டை விட்டுக் கொஞ்சம் கொசுவுக்கு வருகிறேன். 2020இல் டெங்கி 35,000 பேரைத் தாண்டியது நினைவிருக்கும். அதற்கடுத்து பேத்தியின் பள்ளியில் பிள்ளைகளே வீட்டைச் சோதித்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்று வந்தது. குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு, துணிக்காய வைக்கும் மூங்கில் செருகும் குழாய் எல்லாம் பார்த்தாள். அப்புறம் பூஜை அறைக்குள் டார்ச்சோடு நுழைந்தாள். முருகன் முன்னால் செம்புத் தண்ணீர்.

"எத்தனை நாளா இருக்கு, பாட்டி?"

பதில் சொல்வதற்குள் எழுதிவிட்டாள்: 'தேங்கிய நீர், 1 இடம், சாமி.' அந்தப் படிவம் பள்ளிக்குப் போனது. வகுப்பாசிரியை சீனப்பெண், 'சாமி' யார், வாடகைக்கு இருப்பவரா என்று என் மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

நீலப்பெட்டி தாத்தா:

@துளசிமாடம், முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம்தான். செம்புத் தண்ணீரை தினமும் மாற்றுங்கள். துளசித் தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் மணல் போடுங்கள். தட்டைக் காயவிட்டால் மட்டும் போதாது, முட்டை காய்ந்தே பல மாதம் கிடக்கும், உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

துளசிமாடம்:

தாத்தா, நான் கேட்கவே இல்லையே! தினமும்தான் மாற்றுகிறேன். அன்றைக்கு அவள் பள்ளி விட்டு வந்தது காலைப் பூஜைக்கு அப்புறம், அவ்வளவுதான்.

பாலி பையன்:

@வெண்கட்டி சார் சொன்ன அட்டை எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நான் செய்தது பொய்யாகிவிடாது.

தொடக்கநிலை 5இல் நான் 'எனர்ஜி' குழு. இடைவேளையில் காலி வகுப்புகளில் விசிறி, விளக்கு அணைப்பது வேலை. ஒருநாள் ஆசிரியர் அறைக் கதவைத் திறந்தோம். உள்ளே குளிர்சாதனம் 21இல் ஓடுகிறது, இரண்டு ஆசிரியைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தேர்வுத்தாள் திருத்துகிறார்கள். எங்கள் குழுத் தலைவி ரிமோட்டை எடுத்து 25ஆக்கிவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு, "தேங்க்யூ டீச்சர்" என்று வெளியே வந்தாள். எனக்குக் கால் நடுங்கியது. மறுநாள் எங்கள் பட்டியலில் இருந்து ஆசிரியர் அறை எடுக்கப்பட்டிருந்தது. யாரும் திட்டவில்லை. அந்த வரியை மட்டும் அடித்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செமாக்கா தீவுக்குக் கூட்டிப் போனார்கள். நம் குப்பை எல்லாம் எரிந்து சாம்பலாகிப் படகில் போய்ச் சேரும் இடம், 1999இல் திறந்தது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொன்னார்கள். போகும் முன்பே நாங்கள் மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தோம். போனால் நாற்றமே இல்லை. பறவை, அலையாத்தி மரம், காற்று. திரும்பும் படகில் என் நண்பன், "இவ்வளவு நல்லா இருக்கே, அப்ப குப்பை போட்டா என்ன?" என்றான். ஆசிரியர் ஏதோ நீளமாகச் சொன்னார், எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. அவன் கேட்டதற்கு இன்றுவரை எனக்கே சரியான பதில் தெரியாது. இடம் தீர்ந்துவிடும் என்பது பெரியவர்களுக்குப் புரிகிற பதில். பத்து வயதில் 2035 என்பது வேறு கிரகம்.

வெண்கட்டி:

@பாலி பையன், பொய் என்று நான் சொல்லவில்லை தம்பி. பையனிடம் கேட்டிருந்தால் அட்டையே தேவைப்பட்டிருக்காது என்றேன்.

இந்த வருடம் எங்கள் பிள்ளைகளிடம் தலைப்பை விட்டுவிட்டோம். சுவர்த்தோட்டம், பாட்டில் கலை என்று ஏதாவது வரும், விருதுக்கு அனுப்பலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர்கள் எடுத்தது இரண்டாம் மாடி ஆண்கள் கழிவறையில் சொட்டும் குழாய். வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் செலவாகும் தண்ணீர் 2023இல் 141 லிட்டர், 2030க்குள் 130க்குக் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் சுவரொட்டியில் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது, "அப்போ இந்தக் குழாய் யார் கணக்கு?" அரை லிட்டர் பாட்டிலை அடியில் வைத்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, பெருக்கி, கணக்கை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். பழுதுப் படிவத்தில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் வந்தார்கள், போட்டேன். அடுத்து, ஒப்பந்ததாரர் வரும் நாள் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

இப்போது தினமும் காலையில் அலுவலக முகப்பில் ஒரு பிள்ளை போய் நிற்கிறது, முறை வைத்து. "அங்கிள் இன்னைக்கு வர்றாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடும். எழுத்தர் என்னிடம், இவர்களை நிறுத்த முடியாதா என்று கேட்டார். திட்டம் மாணவர் தலைமையில் நடக்கிறது, எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.