ரஜூலாவை உடைத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நாகைக்காரன்:

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப்பெட்டி ஒன்று கிடக்கிறது. 1951ல் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயர், கீழே ‘நாகப்பட்டணம்’. போன மாதம் வெள்ளையடிக்க இறக்கியபோது, “எடைக்குப் போட்டுடலாமா?” என்று அம்மா கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டி வந்த கப்பலையும் எடைக்குத்தானே போட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரஜூலா என்றால் ஒரு தனி உறவு. கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. நாகையில் பெரிய கப்பல் கரையணைய முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது ஏணியைப் பிடிக்கிற அந்த ஒரு நொடிதான் மொத்தப் பயணத்திலும் பயம் என்பார் தாத்தா. டெக் டிக்கெட்காரர்களுக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. பெண்கள் சேலையைக் கட்டி மறைப்பு போட்டுக்கொள்வார்கள். ஏழெட்டு நாள் அப்படியே பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்.

கிளாஸ்கோவில் 1926ல் கட்டியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்ததாம். ஒரு கப்பலில் ஒரு சின்ன ஊரையே ஏற்றிய மாதிரி! 47 வருஷம் ஓடிய பிறகு 1973ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அந்தமானில் உள்ள ஊரின் பெயரான ‘ரங்கத்’ என்பதை வைத்தது. மறு வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். ரங்கத்தை உடைத்தார்கள் என்று தாத்தாவிடம் யாராவது சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அவருக்கு அது கடைசிவரை ரஜூலாதான்.

அந்தக் கடைசி நாட்களைப் பார்த்தவர்கள், அல்லது வேறு பயணிகள் கப்பல் உடைபட்டதைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நாகூர் பேத்தி:

ரஜூலா எனக்கு முந்திய காலம். நான் போனது அதற்கு அடுத்து ஓடிய சிதம்பரம் கப்பலில், எட்டு வயதில், சென்னையிலிருந்து. அது பிரான்சில் டன்கர்க்கில் 1966ல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் தென்னமெரிக்கா ஓடுவதற்காகக் கட்டிய கப்பல் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. எனக்கு நினைவில் இருப்பது வாப்பா போர்த்திவிட்ட கம்பளியும், ராத்திரி முழுக்கத் தரைக்குள்ளிருந்து வந்த அந்த அதிர்வும்தான். காதைத் தலையணையில் வைத்தால் கேட்கும். எண்பதுகளின் நடுவில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்த வழியே முடிந்தது. தீ விபத்துச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை.

கிள்ளான் தம்பி:

அண்ணே, நீங்க சொன்ன போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இப்போதைய போர்ட் கிள்ளான். எங்க தாத்தா ரஜூலாவில் வந்து இறங்கிய இடம். முதலில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு லாரி, பிறகு ரப்பர்த் தோட்டம். அவர் இறங்கிய அதே கடலில் 2005ல் ‘நார்வே’ என்ற கப்பலை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பிரான்சின் பெருமை என்று 1962ல் ஓடத் தொடங்கிய ‘பிரான்ஸ்’ கப்பல்தான் அது. 300 மீட்டருக்கு மேல் நீளம்.

நண்பரோடு மீன்பிடிப் படகில் போனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். கருநீல உடம்பு, சிறகு வைத்த மாதிரி இரண்டு புகைபோக்கி. ராத்திரி அவ்வளவு பெரிய கப்பலில் நாலைந்து விளக்குதான் எரிந்தது. 2003ல் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டுப் பேர் இறந்த பிறகு அது பயணிகளை ஏற்றவே இல்லை. அடுத்த வருஷம் இங்கிருந்து இழுத்துப் போனார்கள். எங்கே போகிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

பாவ்நகர் பழனி:

நான் எழுத வேண்டிய இடம் இது. குஜராத்தில், பழைய தகட்டைக் கம்பியாக்குகிற ஒரு ரீரோலிங் மில்லில் ஸ்டோர்ஸில் பல வருஷம் இருந்தேன். கப்பல் உடைக்கிற அலங் கடற்கரைக்குத் தகடு எடுக்கப் போவது என் வேலை. தம்பி சொன்ன கப்பல் ‘ப்ளூ லேடி’ என்ற பெயரில் அங்கே வந்தது. 2006 ஆகஸ்ட் 15 அன்று கரையேற்றினார்கள். ஆயிரம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதென்று வழக்கு நடந்தது. 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்த பிறகுதான் முழு வேகத்தில் வேலை நடந்தது.

அலங்கை இதற்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அங்குள்ள ஓதம்தான், அதாவது கடல் ஏறி வடிவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் பனைமர உயரத்துக்கு ஏறும். அந்த நேரம் பார்த்துக் கப்பலைக் கரையில் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்தால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். முதலில் சாமான்கள் போகும். சோபா, கட்டில், பீங்கான், உயிர்காப்புச் சட்டை என எல்லாம் சாலையோரக் கடைகளில் குவியும். பிறகு கேஸ் கட்டர் வைத்து முன்பக்கத்திலிருந்து பாளம் பாளமாக அறுப்பார்கள். பாளம் விழும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே காலடி மண்ணில் தெரியும். எடை குறையக் குறைய, ஓதம் ஏறும்போது வின்ச் போட்டு இன்னும் உள்ளே இழுப்பார்கள்.

ப்ளூ லேடியின் மூக்கு நுனியை மட்டும் அறுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அது பாரிஸுக்குப் போய் 2009ல் ஏலத்தில் விற்றது. ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் கப்பலின் ஒரு துண்டையாவது திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்களே என்று எனக்கு நிறைவாக இருந்தது. ரஜூலாவுக்கு அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனது இன்றைக்கும் வலிக்கிறது. அதில் போனவர்கள் டெக் டிக்கெட்காரர்கள், கப்பலின் மூக்கை ஏலம் எடுக்கிற நிலையில் யாரும் இல்லை.

அங்கே அறுத்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசப் பிள்ளைகள். முகத்தில் ஒரு துண்டு, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. டேங்கில் வாயு தங்கியிருப்பது தெரியாமல் தீ வைத்து உயிர் விட்டவர்கள் உண்டு. தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். நீங்கள் சொன்ன டெக் பயணிகளைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் கண்ணில் வந்தார்கள்.

கப்பல் தகட்டை எங்கள் மில்லில் உருக்கமாட்டோம். கீற்றாக வெட்டிச் சூடேற்றி அப்படியே உருட்டிக் கம்பியாக்குவோம். வீடு கட்டுகிற கம்பி. தகடுகளைச் சேர்க்கிற ஆணியான ரிவெட் அடித்த பழைய கப்பல் தகடு எப்போதாவது வரும். 1926 கப்பல் என்றால் ரஜூலாவும் ரிவெட்தான். வெல்டிங் அப்போது இந்த அளவுக்கு வரவில்லை. ரிவெட் வரிசையை ஒட்டி இரண்டு பக்கமும் அறுத்து அந்தக் கீற்றைத் தனியே தள்ளிவிடுவோம், உருட்டினால் அங்கே விரிசல் விடும்.

நாகைக்காரன்:

பழனி அண்ணா, அந்த ரிவெட் வரிசையைப் படித்ததும் எழுந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். தாத்தா சொல்வாராம்: முதல் தடவை போனபோது பதினேழு வயது, ராத்திரி அழுகை வரும், பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குத் தெரியக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாராம். இரும்புச் சுவரில் குமிழ் குமிழாக ஆணித்தலை வரிசை இருந்ததாம். தூக்கம் வருகிறவரை விரலால் தடவி எண்ணுவாராம். அவர் கைக்கு எட்டியது இருபத்திரண்டு.

பெட்டியைத் துடைத்துப் பரணிலேயே வைத்துவிட்டேன்.