புதுப்பிப்பு: நாகர்கோவில் தெருப் படங்களில் சுவரெல்லாம் மரமான கதை

மேப்பில்லரி என்ற தளத்தில் பலரும் எடுத்து ஏற்றிய தெருப் படங்களை வைத்து நாகர்கோவில் தெருக்களின் மரநிழலையும் நடைபாதையையும் அளக்கப் பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்த காம்பவுண்டுச் சுவரும் மரக்கணக்கில் சேருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நிறத்தை வைத்து எண்ணுவதை விட்டுவிட்டேன். சிட்டிஸ்கேப்ஸ் என்ற தொகுப்பின் தெருப் படங்களில் பழகிய கணினி மாடல் (படத்தில் எது சுவர், எது மரம், எது வண்டி என்று வகை பிரிப்பது) சுவரைச் சரியாகப் பிரித்தது. ஆனால் அவை பெரும்பாலும் ஜெர்மன் நகரப் படங்கள். அதில் ஆட்டோ என்று ஒரு வகையே கிடையாது. மணிமேடை ஆட்டோக்கள் ஒரு படத்தில் கார், அடுத்ததில் லாரி!

கடைசியில் கைகொடுத்தது ஐடிடி (IDD) என்ற இந்தியச் சாலைப் படத் தொகுப்பு. பெரும்பாலும் ஹைதராபாத், பெங்களூரு பக்கம் எடுத்த படங்கள், ஆட்டோவுக்குத் தனி வகை. அதைப் பரிந்துரைத்தவருக்கு ஒரு டீ பாக்கி.

எதிர்பாராதது: கோட்டாறு கடைவாசலில் தொங்கிய ஏத்தன் வாழைக்குலைகளும் மரமாகிவிட்டன. அவற்றைக் கையால்தான் கழித்தேன். அப்புறம் ஓடைமேல் போட்ட சிலாப். மாடலுக்கு அது நல்ல நடைபாதை. நேரில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு சிலாப்பைக் காணோம், அந்தக் குழியில் யாரோ தென்னை மட்டை நட்டு வைத்திருக்கிறார்கள்.

படம் எடுத்த தேதியையும் பாருங்கள். ஒரே தெருவின் இரண்டு முனையும் வேறு வேறு வருடமாக இருந்தது.