ஸ்லைடு முழுக்க ஊசிகள்: இவை நிட்சியா டையட்டம்தானா?

காவேரிப்பட்டணம் மாணவி:
வணக்கம். தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குக் கடலடி டையட்டம்களை, அதாவது சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச்செல் பாசிகளை, எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரிக்காரிக்குக் கடல் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் தென்பெண்ணைதானே கடலூர் அருகே கடலில் சேர்கிறது! அந்த முகத்துவாரத்தை அடுத்து, நீர் வடிந்த நேரத்தில் சேற்றின் மேல்படலத்தைச் சுரண்டி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை சேற்றை நேராக அடர் கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினேன். பிறகு குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து 40 மடங்கு லென்ஸில் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் ஊசிகள். பக்கத்து மேசைத் தோழி, "நிட்சியா என்று எழுதிக்கொள்" என்கிறாள். ஆனால் டையட்டம் ஓட்டில் இருக்கும் நுண்வரிகள் ஒன்றில்கூடத் தெரியவில்லை. நடுவே எஸ் வடிவத்தில் சிலவும், வட்டத் தட்டுகள் சிலவும் இருக்கின்றன. இவற்றை எப்படி வகைப்படுத்துவது?

ஓசூர் வாசகர்:
நுண்ணோக்கியின் கண்டென்சரை (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கொஞ்சம் ஏற்றி, டயாஃப்ரத்தை (ஒளி நுழையும் துளை) குறைத்துப் பாருங்கள். எனக்கும் முதல் மாதம் எதுவுமே தெரியவில்லை.

தருமபுரி, ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன் அம்மா. அந்த ஊசிகளில் சில ஒரே புள்ளியிலிருந்து விசிறி போலக் கிளம்புகின்றனவா?

காவேரிப்பட்டணம் மாணவி:
ஆமாம் ஐயா, பல இடங்களில். கூட்டமாக வாழும் இனம் என்று நினைத்தேன்.

தருமபுரி, ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
அது இனமே இல்லை, ஜிப்சம். கடற்கரைச் சேற்றில் சிப்பித் தூள் கலந்திருக்கும், அதாவது கால்சியம் கார்பனேட். அதன் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் கால்சியம் சல்ஃபேட் ஊசி ஊசியாகப் படியும். நீங்கள் பார்த்தது உங்கள் கையாலேயே செய்த படிகம். நானும் ஒரு காலத்தில் இதை ஒரு பேராசிரியரிடம் பெருமையாகக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

சோதிப்பது எளிது. போலராய்டு தாள் இரண்டு எடுங்கள், பழைய கால்குலேட்டர் திரையின் மேல் ஒட்டியிருப்பதே போதும். ஒன்றை ஸ்லைடுக்குக் கீழேயும் மற்றொன்றைக் கண்ணருகேயும் பிடித்து, பார்வை இருளும் வரை ஒன்றைத் திருப்புங்கள். ஜிப்சம் அந்த இருட்டில் பளிச்சென்று ஒளிரும். டையட்டத்தின் ஓடு படிகமல்லாத சிலிக்கா, அதனால் ஒளிராது. (மணல் துகளும் ஒளிரும், ஏமாந்துவிடாதீர்கள்.)

உண்மையான நிட்சியாவாக இருந்தால், வரிகள் எவ்வளவு நுண்மையானாலும், ஒரு பக்க விளிம்பை ஒட்டிப் புள்ளி வரிசை ஒன்று தையல் போட்டதுபோல் தெரியும். அதைத் தேடுங்கள். அது இல்லாமல் நிட்சியா என்று எழுதாதீர்கள்.

இந்த மாதிரியை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, நுரைப்பது முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். அடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் நான்கைந்து முறை கழுவுங்கள். அதன் பிறகுதான் கரிமப்பொருளை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடோ வேறு அமிலமோ. பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மொத்தமாக ஊற்றினால் பொங்கி வழியும். எல்லாமே ஆய்வகத்தின் புகைபோக்கி அறைக்குள் (ஃப்யூம் ஹுட்)தான், வீட்டுச் சமையலறையில் முயலவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் கழுவினேன் என்கிறீர்களே! நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஏறுவதை அறியாதவரா? அதே உப்புதான் உலரும்போது ஸ்லைடிலும் படியும்.

ஓசூர் வாசகர்:
ஐயா, நம் நீரில் ஃப்ளோரைடு அதிகமாயிற்றே. அது சிலிக்கா ஓட்டைக் கரைத்துவிடாதா?

தருமபுரி, ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
சிலிக்காவைக் கரைப்பது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். நம் பற்களைக் கறையாக்கும் அளவு ஃப்ளோரைடுக்கு அந்த வலு கிடையாது.

கடலூர் ஆய்வு மாணவர்:
எஸ் வடிவத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு பேரினங்கள் அப்படி இருக்கும். வரிகள் நெடுக்கிலும் குறுக்கிலும் செங்கோணமாக வெட்டினால் கைரோசிக்மா. குறுக்கு வரியோடு இரண்டு பக்கமும் சாய்ந்த வரிகள் சேர்ந்தால் ப்ளூரோசிக்மா. வரியைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தண்ணீரில் வைத்துப் பார்த்தால் அந்த வரி தெரியாது. நீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) 1.33, ஓட்டினுடையது 1.43க்கு அருகில், அதனால் ஓடு நீருக்குள் கரைந்ததுபோல் ஆகிவிடும். நிரந்தர ஸ்லைடுக்கு நாஃப்ராக்ஸ் போன்ற 1.7 அளவுள்ள பிசினைப் பயன்படுத்துவார்கள். அது கைக்கு வரும்வரை, சுத்தம் செய்த ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பில் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) உலரவிட்டு, உலர்ந்த பக்கம் ஸ்லைடை நோக்கும்படி கவிழ்த்து, பிசின் இல்லாமலே 40 லென்ஸில் பாருங்கள். காற்றின் எண் 1 என்பதால் வரிகள் எழுந்து நிற்கும். நான் பிசின் வாங்கப் பணமில்லாத ஆறு மாதம் இப்படித்தான் ஓட்டினேன்.

வட்டத் தட்டுகள் பெரும்பாலும் காசினோடிஸ்கஸாக இருக்கும். அது மிதவை உயிரி. செத்து மூழ்கிய ஓடு சேற்றில் கிடந்தால் அது கடலடியில் வாழ்ந்தது ஆகாது. அமிலத்தில் போட்டபின் உயிருள்ளதையும் செத்ததையும் பிரிக்கவே முடியாது. எனவே அமிலம் படாத ஒரு பங்கு சேற்றைத் தனியே வைத்து, அதன் மேல் லென்ஸ் துடைக்கும் தாளை ஈரமாகப் பரப்பி வெளிச்சத்தில் விடுங்கள். ஊர்ந்து செல்லும் இனங்கள் தாளுக்குள் ஏறிவிடும். ஈட்டன், மாஸ் என்ற ஆய்வாளர்கள் 1966இல் சொன்ன வழி இது. மணல் துகளில் ஒட்டி வாழ்பவை அப்படி ஏறாது, அவற்றுக்குத் துகள்களையே நேரடியாகப் பார்க்க வேண்டும். ஆற்றோடு வந்த நன்னீர் ஓடுகளும் உங்கள் சேற்றில் கலந்திருக்கும்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர். சுப்பிரமணியன் 1946இல் வெளியிட்ட சென்னைக் கடற்கரைத் தொகுப்பு மிதவை டையட்டம்களுக்கானது. அதில் இல்லை என்பதால் உங்களுடையது புதிய இனம் ஆகிவிடாது!

காவேரிப்பட்டணம் மாணவி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பழைய ஸ்லைடைப் போலராய்டு நடுவில் வைத்தேன், ஊசிகள் எல்லாம் ஒளிர்ந்தன. தோழியையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐயா சொன்ன வரிசையில் செய்த புதிய மாதிரியில் ஊசிக் கூட்டமே இல்லை. எஸ் வடிவத்தில் பதினோரு ஓடுகளைப் பார்த்ததில் ஒன்பதில் சாய்ந்த வரிகள், ப்ளூரோசிக்மா. இரண்டில் இன்னும் தெளிவில்லை. லென்ஸ் தாளில் ஏறியவற்றில் வட்டத் தட்டு ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டையும் என்னவென்று எழுதுவது?

கடலூர் ஆய்வு மாணவர்:
"ப்ளூரோசிக்மா அல்லது கைரோசிக்மா" என்றே எழுதுங்கள். கூடவே நீளமும், 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எத்தனை வரி எண்ண முடிந்தது என்பதும் இருக்கட்டும்.