மறு: ‘டெபிடாஜ்’: கற்கழிவு என்று எழுதலாமா?

> கல்லுடைக்கும்போது விழும் துண்டுகள்தானே? ‘கற்கழிவு’ போதும். எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது கொசஸ்தலையாற்றுப் பக்கத்துப் பழைய கற்கால இடமான அத்திரம்பாக்கம் பற்றிய கட்டுரை. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட இடம். படத்தில் வருவது என்னவோ கல்லில் செய்த கைக்கோடரிகள்தாம். அவற்றை எங்கே, எப்படிச் செய்தார்கள் என்று காட்டிக்கொடுப்பவை இந்தத் துண்டுகள். 15 லட்சம் ஆண்டுச் சாட்சியைக் கூட்டித் தள்ளச் சொல்கிறீர்களே!

இன்னொரு சிக்கலும் உண்டு. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவின் 2018 ஆய்வுப்படி, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே செய்முறையே மாறுகிறது. கல்லை முதலில் தட்டிப் பக்குவப்படுத்திவிட்டு, வேண்டிய வடிவில் சில்லுப் பெயர்க்கிறார்கள். அங்கே சில்லுதான் சரக்கு. டெபிடாஜ் என்ற பிரெஞ்சுச் சொல் அதையும் சேர்த்துத்தான் குறிக்கும். ‘கழிவு’ அந்த இடத்தில் உதைக்கிறது.

போன ஞாயிறு இங்கே பெங்களூர் அல்சூர் சந்து ஒன்றில் தருமபுரிக்காரர் ஒருவர் சாக்கு விரித்து அம்மி பொளிந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளைப் பொடி. “சில்லாத் தெறிச்சா உளி நல்லாருக்குன்னு அர்த்தம். மாவாக் கொட்டுச்சுன்னா மழுங்கிப்போச்சு” என்றார். தலை நிமிரவில்லை. தொல்லியலாளர் செய்வதும் சில்லைப் படிக்கும் இதே வேலைதானே என்று தோன்றியது.

ஆகவே என் முன்மொழிவு: செயலுக்குப் ‘பொளிதல்’, விழுவதற்குப் ‘பொளிசில்லு’. வினைத்தொகை, நடுவில் ச் போட்டுவிடாதீர்கள். வேண்டியது, வேண்டாதது இரண்டும் அதில் அடங்கும்.

சில்லுப் பெயர்த்த மூலக்கல்லுக்குக் ‘கருக்கல்’ என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் நெல்லைப் பக்கம் அது பொழுது சாயும் நேரம். ‘தாய்க்கல்’ என்று வைத்துக்கொள்ளலாமே.

உளியே இல்லாத காலத்துக்குப் பொளிதலா என்று கேட்பீர்கள். எனக்கும் உறுத்துகிற இடம் அதுதான். அவர்கள் கல்லால் அல்லவா கல்லைத் தட்டினார்கள். ‘தட்டுசில்லு’ என்றும் எழுதிப் பார்த்தேன். தட்டுவடை நினைவு வந்ததும் அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பக்கம் கட்டுகிறார்கள். மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து