கிரில்லோவ் மாவட்ட வரலாறு: ஃபெராபோந்தவோ சுவரோவியங்கள் 34 நாளில் முடிந்தனவா?

கேள்வி (ராயபுரம்): தண்டையார்பேட்டையில் நடக்கும் எங்கள் வாசகர் வட்டத்தில், ரஷ்யாவின் வோலக்தா மாகாணத்திலுள்ள கிரில்லோவ் மாவட்டத்தைப் பற்றி அடுத்த மாதம் பேச இருக்கிறேன். அங்குள்ள ஃபெராபோந்தவோ சிற்றூரின் மடாலயக் கோயிலில் தியோனிசியும் அவருடைய மகன்களும் தீட்டிய ஓவியங்கள் 34 நாளில் முடிந்ததாகப் படித்தேன். ஆனால் வடக்கு வாசலின் மேல் உள்ள குறிப்போ ஆகஸ்ட் 6இல் தொடங்கி ‘இரண்டாம் ஆண்டு’ செப்டம்பர் 8இல் முடிந்ததாகச் சொல்கிறது. எதைச் சொல்வது? இத்தனை நூற்றாண்டுகளாக அவற்றின் மேல் வேறு வண்ணம் பூசாமல் விட்டது எப்படி?

பதில் 1 (பெரம்பூர்): ஐயா, அக்கால ரஷ்யாவில் புத்தாண்டு செப்டம்பர் 1இல் பிறந்தது. உலகத் தோற்றத்திலிருந்து எண்ணிய 7010ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில், அதாவது நம் கணக்கில் 1502இல், தொடங்கிய வேலை 7011இன் முதல் மாதத்தில் முடிந்தது என்று கொண்டால் 34 நாள் வரும். பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் முடித்ததை நாம் அடுத்த ஆண்டு என்பதைப் போலத்தான். ஆனாலும் அறுநூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட சுவர்ப்பரப்பு என்பதால், இரண்டு கோடைக்காலம் ஆகியிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுங்கள். செப்டம்பர் 8 மரியன்னை பிறந்த திருநாள். அக்கோயிலும் அந்தத் திருநாளின் பெயரில் எழுந்ததே.

பதில் 2 (வியாசர்பாடி): இரண்டாம் கேள்விக்கு விடை வறுமை என்பது என் கருத்து. இரண்டாம் கேத்தரின் 1764இல் மடாலய நிலங்களையும் அவற்றில் உழைத்த குடியானவர்களையும் அரசுடைமையாக்கிய பின், நலிந்திருந்த அந்த மடாலயம் 1798இல் மூடப்பட்டு வெறும் ஊர்க்கோயிலாகியது. வசதியுள்ள கோயில்களில் பழைய ஓவியங்களின் மேல் காலத்துக்கேற்பப் புதிதாகத் தீட்டிவிடுவது வழக்கம். இங்கே அதற்குப் பணமில்லை. யுனெஸ்கோ 2000இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1666இல் பதவி பறிக்கப்பட்ட திருச்சபைத் தலைவர் நிக்கோன் இங்கேதான் பத்தாண்டு சிறையிருந்தார். ஏரியில் கற்களைக் கொட்டிச் சிலுவை வடிவத் தீவு ஒன்றையும் எழுப்பினார். 1397இல் தோன்றிய, கோட்டை மதில் சூழ்ந்த கிரில்லோவின் பெரிய மடாலயத்தை எல்லாரும் அறிவார்கள். பேச்சில் அதற்குக் கால்பங்கு நேரம் போதும்.

பதில் 3 (திருவொற்றியூர்): ஒரு சிறு எச்சரிக்கை. இன்றைய மாவட்டம் 1927இல் லெனின்கிராடு மாகாணத்தின் கீழ் உருவாகி, 1937இல்தான் வோலக்தாவுக்கு மாறியது. புரட்சிக்கு முந்தைய நூல்களில் கிரில்லோவ் நோவ்கோரத் மாகாணத்து ஊராகவே வரும். வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம்.