மறு: ‘யுனிவர்சல் பேசிக் இன்கம்’ – தமிழில் எந்தச் சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் பொருளியல் சொல்லடைவில் ‘யுனிவர்சல் பேசிக் இன்கம்’ (அரசு எல்லோருக்கும் நிபந்தனையின்றித் தொடர்ந்து தரும் பணம்) என்ற பதிவுக்கு நேரே இன்னும் வெற்றிடம்தான். நாளிதழ்கள் ‘உலகளாவிய அடிப்படை வருமானம்’ என்று எழுதி வருகின்றன. அதை நாம் ஏற்கக் கூடாது. உலகளாவிய வெப்பமயமாதல், உலகளாவிய சந்தை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இங்கே சொல்ல வருவது ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ வாழும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் என்பது. உலக மக்கள் அத்தனை பேருக்கும் யாரோ பணம் தரப்போகிறார்கள் என்று ஒரு மாணவர் நினைத்துவிட்டால் தவறு அவருடையது அல்ல.

UBI என்ற ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. B-க்கும் P-க்கும் நமக்குப் பகரம் ஒன்றுதான். ‘யுபிஐ’ என்று எழுதினால் செல்பேசியில் பணம் அனுப்பும் யுபிஐதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ‘யுபிஐ மூலம் ஏழைகளுக்குப் பணம்’ என்ற தலைப்பை எப்படிப் படிப்பது?

என் பரிந்துரை ‘குடிப்படி’. அகவிலைப்படி, பயணப்படி எல்லாம் மக்கள் வாயில் புழங்குபவை. நாட்டின் குடி என்பதற்காகவே கிடைக்கும் படி குடிப்படி. ஐந்தே எழுத்து. கருத்துச் சொல்லுங்கள்.

* * *

ஐயா,

> குடிப்படி. ஐந்தே எழுத்து.

‘உலகளாவிய’ வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. ஆனால் குடிப்படி மூன்று இடத்தில் இடிக்கிறது.

‘குடி’ என்றதும் இன்று காதில் விழுவது மது. பணமாகக் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின்மேல் முதலில் வந்து விழும் பழி. மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் 2011-12இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் நிதியுடன் நடத்திய சோதனையில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் கொடுத்தார்கள். பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். குடிச்செலவு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அப்படியிருக்க, அந்தப் பழியைப் பெயரிலேயே ஒட்டிவைப்பது பணம் பெறுகிறவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

அடுத்து, குடி என்றால் குடியுரிமை உள்ளவர் என்றாகிவிடும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் எண்ணெய் வருவாயில் உருவான நிதியிலிருந்து 1982 முதல் ஆண்டுதோறும் ஈவுத்தொகை கொடுக்கிறார்கள். அங்கே முந்தைய ஆண்டு முழுதும் வசித்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நிரந்தர வசிப்புரிமை பெற்ற வெளிநாட்டவருக்கும் உண்டு. யார் யாருக்கு என்பது சட்டம் தீர்க்க வேண்டிய கேள்வி. கலைச்சொல் அதை முந்திக்கொண்டு தீர்க்கக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. ‘படி’ என்பது மேலே சேர்வது. அடிப்படை ஊதியம் முதலில், அதன்மேல் அகவிலைப்படி. நாம் பேசுவதோ அடியில் கிடக்க வேண்டிய தொகை. மற்ற சம்பாத்தியமெல்லாம் இதன்மேல் வந்து அமர வேண்டும். படி என்றால் மேலும் கீழும் மாறிவிடுகிறது.

சொல்லைத் தேடும் முன் பொருளைக் கட்டிவிடுவோம். ‘பேசிக் இன்கம் எர்த் நெட்வொர்க்’ என்ற அமைப்பு (1986இல் ஐரோப்பிய அளவில் தொடங்கி 2004இல் உலக அமைப்பானது) ஐந்து இலக்கணம் வைத்திருக்கிறது. குறித்த இடைவெளியில் தொடர்ந்து வர வேண்டும். பொருளாக இல்லாமல் பணமாக வர வேண்டும். குடும்பத்துக்கு என்றில்லாமல் ஆளுக்கு ஆள் வர வேண்டும். வசதி பார்க்காமல் எல்லோருக்கும் வர வேண்டும். வேலை செய்கிறாயா, தேடுகிறாயா என்று கேட்கக் கூடாது.

இதில் ஒன்று தவறினாலும் வேறு பெயர்தான் வைக்க வேண்டும். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாதம் 560 யூரோ கொடுத்தது. நிபந்தனை இல்லை, வேலை கிடைத்தாலும் தொகை குறையவில்லை. ஆனால் பெற்றவர்கள் 25 முதல் 58 வயது வரையுள்ள, வேலையில்லாக்காலப் படி வாங்கிக்கொண்டிருந்த 2,000 பேர் மட்டும். ‘எல்லோருக்கும்’ அங்கே இல்லை.

ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைக் குறைத்து, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. தலைகளை எண்ணியது தனித்தனியாகத்தான். பணம் விழுந்த இடம் குடும்பத் தலைவரின் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 22,75,000 ரியால் ஒரே கணக்கில் சேரும். மனைவியின் பங்கும் மகளின் பங்கும் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. ‘ஆளுக்கு’ என்ற இலக்கணம் வங்கிக் கணக்கில் போய் உடைந்தது. விலைவாசிக்கு ஏற்பத் தொகையைக் கூட்டாமல் விட்டதால் அதன் மதிப்பும் கரைந்தது.

* * *

வணக்கம்.

இலங்கை வழக்கிலிருந்து இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். 1931இல் எங்களுக்குக் கிடைத்ததை ‘சர்வசன வாக்குரிமை’ என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். அந்த ‘யுனிவர்சல்’தான் இந்த ‘யுனிவர்சல்’. சொத்து, படிப்பு, ஆண் பெண் என்று எதையும் பாராமல் எல்லோருக்கும் என்ற கருத்து அதில் முழுதாக இருக்கிறது. வடசொல் என்று தள்ளுவதானால் தள்ளுங்கள். பொருளைத் தள்ள வேண்டாம்.

மற்றது ‘கொடுப்பனவு’. அரசு தரும் தொகைக்கு எங்களிடம் இதுதான் புழக்கம். வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தித் திட்டத்தில் தந்ததைச் சமுர்த்திக் கொடுப்பனவு என்பார்கள். ஆனால் அதை இங்கே நான் பரிந்துரைக்கவில்லை. கொடுப்பவரின் கையை முன்னால் நிறுத்தும் சொல் அது. 2023இல் வந்த ‘அஸ்வெசும’ என்ற அரசு உதவித் திட்டம் குடும்பங்களை வகை பிரித்து, தெரிவுசெய்து தருவது. அதற்குக் கொடுப்பனவு பொருந்தும். ‘வருமானம்’ பெறுபவரின் பக்கம் நின்று பேசுகிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

‘வருமானம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இலங்கை அம்மா சொன்னதற்கு ஒரு துணைச்சான்று. ஜெர்மன் மொழியில் இதற்கு ‘குருண்டைன்கொம்மன்’ என்று பெயர். ‘குருண்ட்’ என்றால் அடிநிலம்; பின்பாதிக்கு உள்ளே வருவது என்று பொருள். நம் ‘வருமான’த்திலும் அதே ‘வரு’ இருக்கிறது. 2016 ஜூன் 5இல் சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்புக்குப் போனதும் ‘நிபந்தனையற்ற அடிப்படை வருமானம்’ என்ற பெயரில்தான். முக்கால் பங்குக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள்.

‘வருவாய்’ என்று போடலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். வருவாய்த் துறை, வருவாய்ப் பற்றாக்குறை என்று அது அரசின் பக்கம் போய்விட்டது. தனி ஆளுக்கு வருவது வருமானம் என்பது வருமான வரியால் நிலைத்துவிட்டது. ‘வாழ்வூதியம்’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உழைப்பவர் கண்ணியமாக வாழப் போதுமான கூலி என்ற வேறொரு கருத்துக்கு அது தேவைப்படும்.

இனி ‘அடிப்படை’. சிலர் ‘குறைந்தபட்ச வருமானம்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. எடுத்துக்காட்டாக, குறைந்தபட்ச வருமான உறுதியில் கோடு மாதம் 5,000 ரூபாய் என்று வைப்போம். 3,000 சம்பாதிப்பவருக்கு அரசு 2,000 போட்டு நிரப்பும். அவர் கூடுதலாக வேலை பார்த்து 4,000 ஆக்கினால் அரசு 1,000தான் தரும். கையில் அப்போதும் அதே 5,000. கூடுதல் உழைப்பின் பலன் அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. சம்பாதித்ததை மறைக்கத்தான் தோன்றும்.

அடிப்படை வருமானம் 1,000 என்று வைப்போம். 3,000 சம்பாதிப்பவர் கையில் 4,000. அவரே 4,000 சம்பாதித்தால் 5,000. ஐம்பதாயிரம் சம்பாதிப்பவருக்கும் அதே 1,000 போகும். அவரிடமிருந்து அதை வரி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒன்று பள்ளத்தை நிரப்புவது, மற்றது தரையை உயர்த்துவது. 2019 தேர்தலில் காங்கிரஸ் அறிவித்த, ஏழ்மை மிகுந்த 20 சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்ற திட்டத்தை ‘அடிப்படை வருமானம்’ என்று எழுதியவர்கள் ‘எல்லோருக்கும்’, ‘ஆளுக்கு’ என்ற இரண்டு இலக்கணத்தையும் மறந்து சறுக்கினார்கள்.

அடிப்படை என்றால் வாழ முழுதும் போதுமானது என்றும் பொருள் இல்லை. இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை போட்டுப் பார்த்த தொகை ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், அதாவது மாதம் 635. மக்கள்தொகையில் 75 சதவீதத்தினருக்குக் கொடுத்தாலே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4.9 சதவீதம் ஆகும் என்று கணக்கிட்டது. இந்த 75 சதவீதத்துக்கு ‘ஏறத்தாழ அனைவருக்குமான’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, உண்மை நிலை அதுதான்.

* * *

நண்பர்களே,

குடிப்படியைத் திரும்பப் பெறுகிறேன். மேலும் கீழும் மாறுகிறது என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

‘உரிமைத்தொகை’ ஏன் கூடாது என்று இனி கேட்பார்கள். அதையும் பதிவில் சொல்லிவிடலாம். உதவித்தொகை என்று இருந்த இடத்தில் உரிமை என்று வைத்தது நல்ல மாற்றம், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் 2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு வைத்த விதிகளைப் பாருங்கள்: குடும்பத் தலைவியாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்ப வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள். மாதம் 1,000 ரூபாய் பணமாக, தொடர்ந்து, அவரவர் கணக்கில் வருகிறது; ஆகவே முதல் இரண்டு இலக்கணமும் பொருந்துகின்றன. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்பதால் மூன்றாவது பொருந்தவில்லை; வசதி பார்ப்பதால் நான்காவதும் பொருந்தவில்லை. அது அந்தத் திட்டத்தின் பெயராகவே இருக்கட்டும்.

‘சர்வசன’ இலங்கை வழக்கு என்ற குறிப்போடு பதிவில் இடம்பெற வேண்டும். பதிவின் வரைவு:

அடிப்படை வருமானம் – ஒவ்வோர் ஆளுக்கும், வசதி பாராமல், வேலை நிபந்தனை இன்றி, குறித்த இடைவெளியில், பணமாக வழங்கும் தொகை. நெடுவடிவம்: அனைவருக்குமான அடிப்படை வருமானம். இலங்கை வழக்கு: சர்வசன அடிப்படை வருமானம். குறைந்தபட்ச வருமான உறுதியிலிருந்து வேறுபட்டது. ‘உலகளாவிய’ என்ற அடை தவிர்க்கத்தக்கது.

குறுவடிவமே தலைச்சொல்லாக இருக்கட்டும். அந்த உலக அமைப்பின் பெயரிலேயே ‘யுனிவர்சல்’ இல்லை. எல்லோருக்கும் என்பதை வரையறையில்தான் வைத்திருக்கிறார்கள். பகுதி மக்களுக்கு மட்டும் தரும் சோதனைகளைச் சொல்லும்போது ‘அடிப்படை வருமானச் சோதனை’ என்று சொன்னால் போதும், பொய் சொன்னதாகாது.

இன்னொரு பதிவும் உடனே தேவைப்படுகிறது. வருமானம் ஏற ஏற அரசு தன் தொகையைக் குறைத்துக்கொண்டே போகும் வீதத்துக்கு என்ன பெயர்? மேலே சொன்ன 5,000 கணக்கில் அது நூற்றுக்கு நூறு. ‘தேய்வீதம்’ என்று எழுதிப் பார்த்தேன். தேய்மான வீதத்தோடு குழம்புமோ என்று தயக்கம். கணக்குப் பதிவியல் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.