சந்தியாகுவும் யாக்கோபும் ஒரே பேரா?

குளச்சல் கரை:
பாட்டா பேரு பங்குப் பதிவேட்டுல சந்தியாகு. பிறந்திருக்கிற பிள்ளைக்கு அதே பேரு வரணும், கூப்பிடவும் லேசா இருக்கணும். ஜேம்ஸ், யாக்கோபு, சாக்கோ எல்லாம் அதேதான்னு சொல்றாங்க, சரியா? ஒரு பேரு எபிரேயமான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

மார்த்தாண்டம் வாசகர்:
நாலும் ஒரே பேர்தான். எபிரேயத்தில் 'யஅகோவ்'. 'அகேவ்' என்றால் குதிகால். ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் அந்தப் பேர் (ஆதியாகமம் 25:26). அது லத்தீனில் யாக்கோபுஸ், பிறகு பேச்சில் யாக்கோமுஸ் ஆனது. அந்த 'ம'தான் பிரெஞ்சு வழியாக ஜேம்ஸுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐபீரியாவில் 'சாந்த் இயாகோ' என்று சேர்த்துச் சொன்னது நம் கரையில் சந்தியாகு. அதற்குள்ளேயே 'புனித' இருக்கிறது.

சவேரியார் 1544-இல் திருமுழுக்குக் கொடுத்த கரை இது. அதனால் கடலோரப் பங்குகளில் போர்த்துகீசிய வடிவம். சிஎஸ்ஐ சபைகளில் வேதாகமத்தில் உள்ளபடி யாக்கோபு. விளவங்கோடு பக்கம் சுரியானி (கேரளக் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி), மலையாளம் வழி வந்த சாக்கோ. சூசை, யோசேப்பு, ஔசேப்பு மூன்றும் இதே கணக்கில் ஒரே பேர்.

மயிலாடி மணி:
ஓசையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வேரைப் பாருங்கள். கடைசியில் 'ஏல்' வந்தால் இறைவன்: மிக்கேல் 'இறைவனைப் போல் யார்', தானியேல் 'இறைவன் என் நீதிபதி'. முதலில் 'யோ', கடைசியில் 'யா' என்றால் யாவே, அதாவது எபிரேய வேதத்தில் இறைவனின் பேர். யோவானைத் திருப்பிப் போட்டால் அனனியா. இரண்டிலும் 'ஹனன்', அருள் செய்தார் என்ற வேர். அன்னாளும் அதே வேர்தான். கிரேக்கத்தில் 'ஹ' எழுத்து இல்லாததால் வழியில் உதிர்ந்தது. கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்று மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது 'ஏசெர்', உதவி. எஸ்றா, அசரியா, எலியேசர், எலெயாசார் எல்லாம் அதிலிருந்து வந்தவை. எலெயாசார் கிரேக்கத்தில் தலை குறைந்து லாசர் ஆனது. நட்டாலம் நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் பெற்ற திருமுழுக்குப் பேர் அதுதான், தமிழில் தேவசகாயம். நம் மாவட்டத்தில் தேவசகாயம் என்று பேர் உள்ள ஒவ்வொருவரும் எபிரேயப் பேரைத்தான் தமிழில் சுமக்கிறார்.

தோவாளை:
ஒரு எச்சரிக்கை. வேதாகமத்தில் இருப்பதெல்லாம் எபிரேயம் இல்லை. தோமா, மார்த்தா அரமேயம். பிலிப்பு, ஸ்தேவான் கிரேக்கம். பவுல் லத்தீன். எஸ்தரின் எபிரேயப் பேர் அத்சாள்; எஸ்தர் 2:7-இல் இருக்கிறது.

'ஜ' வந்தால் எபிரேயத்துக்கு நெருக்கம் என்றும் நினைக்க வேண்டாம். எபிரேயத்தில் அது 'ய'. ஜோஷ்வாவைவிட நம் யோசுவாவே மூலத்துக்குப் பக்கம்.

குளச்சல் கரை:
ரொம்ப நன்றி. அப்போ ஜேம்ஸ் சந்தியாகுன்னு வைக்கலாமா?

மார்த்தாண்டம் வாசகர்:
அது 'யாக்கோபு புனித யாக்கோபு' என்று ஆகிவிடும். சந்தியாகு மட்டும் போதும். வீட்டில் சந்தி என்று கூப்பிடலாம். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் பேர் சேர்க்கக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்துகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். திருமுழுக்குச் சான்றிலும் ஆதாரிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்கட்டும். ஒன்றில் 'கு', இன்னொன்றில் 'கோ' என்று இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும்.